வெள்ளைத் துப்பட்டியில் சிவப்புத் தையல்

நயா பைசாவில் 'நயா'வை எடுத்துவிட்டு, வெறும் பைசா என்று சொல்லத் தொடங்கியிருந்த வருஷம் அது. ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. நான் அப்போது கடலூர் முதுநகரில் ஒரு மல்லாட்டை மண்டியில் சாக்கு தைக்கிற வேலையில் இருந்தேன். மல்லாட்டை என்றால் மணிலாக்கொட்டை, வேர்க்கடலை. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். இப்போதும் அதே மண்டி, அதே வேலைதான்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். மண்டிக்கு வருகிற சாக்குகளில் பாதியை எலி கடித்திருக்கும். மீதியை மூட்டை தூக்குகிறவர்களின் கொக்கி கிழித்திருக்கும். ஓட்டையைச் சுற்றி முதலில் ஒரு ஓட்டம் ஓட்டிக் கட்டிவிட்டு, நெடுக்கே நூல் இழுத்து, குறுக்கே ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாகப் பின்னிக்கொண்டு போக வேண்டும். கயிற்றுக் கட்டில் பின்னுவது மாதிரிதான். இதைச் சணலில் தைக்காமல் கெட்டிச் சிவப்பு நூலில் தைப்போம். காரணம் உண்டு. தைத்த இடத்தில் மறுபடி கொக்கி விழுந்தால் சாக்கு வாயைப் பிளந்துவிடும். சிவப்பைத் தூரத்தில் பார்த்ததுமே தூக்குகிறவன் வேறு பக்கம் கொக்கி போடுவான். ஆகவே எங்கள் தொழிலில் தையல் கண்ணில் பட வேண்டும். கண்ணில் படாத தையல் கெட்ட தையல்.

அந்த மழையில் என் சம்சாரம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது கை மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு, ஒன்றரை மாதம் கையை அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு இருந்த ஒரே பெண் கல்யாணமாகித் திட்டக்குடிப் பக்கம் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சமைப்பது, தண்ணீர் இறைப்பது, துவைப்பது எல்லாம் என் தலையில் விழுந்தது. துவைக்கும்போதுதான் பார்த்தேன், எங்கள் வீட்டில் கிழியாத துணி என்று ஒன்றும் இல்லை. போர்வையில் நான் கட்டைவிரல் விடுகிற இடத்தில் ஓட்டை. தலையணை உறையில் மூலைக்கு மூலை பிசிறு. படுப்பதற்கு மடித்து விரிக்கிற பழைய புடவையில் நீளமாக ஒரு கிழிசல். இத்தனை நாளும் இவள்தான் அதையெல்லாம் சத்தமில்லாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சாக்கு தைக்கிறவனுக்குத் துணி தைப்பதா கஷ்டம் என்று உட்கார்ந்தேன். கோணி ஊசியைப் போர்வையில் குத்தினேன். ஒரு ஓட்டை இருந்த இடத்தில் ஏழெட்டு ஓட்டை ஆயிற்று. என் சம்சாரம் மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டாள்.

"ஏங்க, போர்வைய தைக்கச் சொன்னா மாட்டுக்கு மூக்கு குத்துற மாதிரி குத்துறீங்களே" என்றாள்.

அவளுடைய சின்ன ஊசியைக் கொடுத்தாள். அதில் நூல் கோக்கவே எனக்கு அரை மணி ஆகும். சணல் இழுத்து இழுத்துக் காய்ப்பு ஏறின விரல். துணியைத் தொட்டாலே இழை மாட்டிக்கொள்ளும். விரலில் எண்ணெய் தடவிக்கொண்டு பழகினேன். மண்டியிலிருந்து கொண்டுவந்த சிவப்பு நூலில் மூன்று புரி இருக்கும். அதைப் பிரித்து ஒரு புரியை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதலில் தைத்ததெல்லாம் சாக்கை இழுப்பது போல இழுத்துத் தைத்ததால், துணி சுருங்கி வடை மாதிரி மேடு தட்டி நின்றது. படுத்தால் முதுகில் உறுத்தும். பிரித்துவிட்டுத் திரும்பத் தைப்பேன். துணிக்குக் கொஞ்சம் தளர்வு விட வேண்டும், நூலை இறுக்கக் கூடாது என்பது கைக்குப் பிடிபட ஒரு மாதம் ஆயிற்று. அப்புறம் தையல் துணியோடு படிந்தது. நெடுக்கும் குறுக்கும் சீராக, சாய்சதுரமாக, வெள்ளைத் தலையணை உறையில் சிவப்பாக உட்கார்ந்தபோது, எனக்கு ஏதோ பெரிய காரியம் சாதித்த மாதிரி இருந்தது. கிழியாத இடத்தைத் தேடிப் பார்த்து, இங்கேயும் கொஞ்சம் கிழிந்திருக்கக் கூடாதா என்று நினைக்கிற அளவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

ஆனால் வெளியில் சொல்ல முடியுமா? நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மண்டியில் ஏற்கனவே, "மச்சான், இன்னிக்கு வீட்டுல என்ன கொழம்பு வச்ச?" என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள். வீட்டில் உட்கார்ந்து பொம்பளை மாதிரி ஊசி பிடிக்கிறேன் என்று தெரிந்தால் அவ்வளவுதான். என் சுபாவம் அவளுக்குத் தெரியும். கொடியில் காய்ந்த போர்வையைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கேட்டபோது, "நான்தான் தைச்சேன். வலது கைதானே ஒடஞ்சுது, இடது கை நல்லாத்தான இருக்குது" என்று சொல்லிவிட்டாள். இடது கையிலேயே இவ்வளவு அழகா என்று தெருவே அவளை மெச்சியது. நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

எங்கள் வீடு முஸ்லிம்கள் தெருவின் கடைசி வீடு. எங்களுக்கு அடுத்த வீட்டில் பண்ருட்டிச் சந்தையில் சரக்கு பிடித்து எங்கள் மண்டிக்குப் போடுகிற ஒரு வியாபாரி இருந்தார். நான் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடுவேன். கை சுத்தம், வாக்குச் சுத்தம். அவருடைய தங்கை புருஷனை இழந்தவர். அண்ணன் வீட்டில்தான் இருந்தார். அந்த அக்காவும் என் சம்சாரமும் கொல்லைச் சுவரின் இரண்டு பக்கமும் நின்று பேசாத நாள் இல்லை. கை ஒடிந்திருந்தபோது பாதி நாள் எங்களுக்குக் குழம்பு அந்தச் சுவர் வழியாகத்தான் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த அக்கா ஒரு துப்பட்டியைச் சுவருக்கு இந்தப் பக்கம் நீட்டினார்கள். அந்தத் தெருப் பெண்கள் வெளியே போகும்போது புடவைக்கு மேல் தலையிலிருந்து கணுக்கால் வரை சுற்றிக்கொள்ளும் வெள்ளைத் துணிதான் துப்பட்டி. ஏதோ ஆணியில் மாட்டி முதுகுப் பக்கம் கிழிந்துவிட்டதாம். கூடவே ஒரு கண்டு வெள்ளை நூலும் கொடுத்தார்கள்.

"தங்கச்சி, ஒன் இடது கைய கொஞ்சம் காட்டேன். காலைல வேணும்" என்றார்கள்.

நான் அந்த வெள்ளை நூலைத் தொடவே இல்லை. இதுதான் நான் செய்த தப்பு. இன்றைக்கு யோசித்தாலும் காது சுடுகிறது. அப்போதுதான் சாய்சதுரத்துக்குள் சாய்சதுரமாகப் பின்னப் பழகியிருந்தேன். அவ்வளவு பெரிய வெள்ளைத் துணி அதுவரை என் கையில் கிடைத்ததில்லை. என் சம்சாரம் பார்த்துவிட்டு, "அவுங்க வெள்ள நூல் குடுத்தாங்களே" என்று இழுத்தாள்.

"வெள்ளையில வெள்ள தைச்சா யாருக்குத் தெரியும்?" என்றேன்.

உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாகத் தைத்து முடித்தேன். மறுநாள் காலையில் சம்சாரம் அதைக் கொடுத்தபோது, அந்த அக்கா விரித்துப் பார்த்துவிட்டு, அந்தச் சிவப்பின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிப் பார்த்தார்களாம். பிறகு, "அழகா இருக்குது தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போட்டுக்கொண்டு போனார்களாம். அந்த வார்த்தையை மட்டும் என் சம்சாரத்தை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

அடுத்த நாள் வியாழக்கிழமை. மண்டியில் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். தராசுக்குப் பக்கத்தில் பாய் நின்றிருந்தார். சிதம்பரத்துக்குப் போய்வருகிற தரகர் ஒருவர் அவரிடம் வந்து குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார். தாழ்த்தினாலும் எனக்குக் கேட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க பாய். நேத்து காலைல நம்ம ஸ்டேஷன்ல ஒரு துப்பட்டிய பாத்தேன். முதுகுல செவப்பா ஒரு தையல், பளிச்சுனு. ஒங்க வீட்டு வாசல்லேர்ந்து வந்ததையும் பாத்தேன். சிதம்பரத்துல எறங்கும்போது மறுபடி அதே தையல். எறங்கி, ஒங்க தங்கச்சி பொண்ணு இருக்குற சந்துக்குள்ள போச்சு. மத்த நாளா இருந்தா எது யாருன்னு எனக்கென்ன தெரியும்? அந்தத் தையல் இருந்ததால தெரிஞ்சுது."

பாய் எடை போட்டுக்கொண்டிருந்த மூட்டையை அப்படியே விட்டுவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தார். என் கையில் ஊசி பாதி சாக்கில் நின்றுபோனது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சம்சாரத்திடம் கேட்டேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள். அந்த அக்காவுக்கு ஒரே பெண். அண்ணன் தன் மகனுக்கென்று வைத்திருந்த பெண். அது சிதம்பரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிற, முன்னே பின்னே யாரும் இல்லாத ஒரு பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று பிடிவாதமாக நின்று கட்டிக்கொண்டது. பாய் தெருவில் பெரியவர்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு, என் வீட்டு ஆட்கள் யாரும் இனி அந்த வாசலை மிதிக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். அது வரைக்கும் எனக்கும் தெரியும். தெரியாதது என்னவென்றால், பாய் புதன்கிழமைதோறும் பண்ருட்டிக்குப் போனதும், அந்த அக்கா துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு ரயிலேறிச் சிதம்பரம் போய் மகளைப் பார்த்துவிட்டு, அவர் திரும்புவதற்குள் வந்துவிடுவார்கள். ஒரு வருஷமாக இது நடக்கிறது.

"தெருவுல பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். ஒங்களுக்குத்தான் தெரியாது" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம். மாமியார் என்று ஒருத்தி இல்லை. தண்ணீர் கொடுக்கக் கூட ஆள் இல்லை. வலி எடுத்தால் எப்படியும் போய்விட வேண்டும் என்று அந்த அக்கா துணிமணி எல்லாம் எடுத்துக் கட்டி வைத்திருந்தார்கள். பாய் மத்தியானம் வந்து சத்தம் கூடப் போடவில்லையாம். இருந்த ஒரே துப்பட்டியை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாராம். துப்பட்டி இல்லாமல் அந்த அக்கா தெருவில் ஒரு அடி வைக்க மாட்டார்கள்.

நூறு பெண்கள் போனாலும் ஒரே மாதிரி வெள்ளையாகப் போவதுதான் அந்தத் துணியின் காவல். அதில் நான் போய் அடையாளம் வைத்திருக்கிறேன். சாக்கில் வைக்கிற மாதிரி, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி. வெள்ளை நூல் எதற்குக் கொடுத்தார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும்.

"அக்கா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"என்ன சொல்வாங்க? ஒன் கை சரியானா போதும்மான்னாங்க. நான் தைச்சதாத்தான இன்னும் நெனச்சிக்கினு இருக்காங்க."

வெள்ளிக்கிழமை காலையில் மண்டிக்குப் போனதும் நேராகப் பாய் முன்னால் போய் நின்றேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். ஒரு பொம்பளைக்குப் பேறுகாலம் பாய், மனசு வையுங்கள் என்று சொல்வதாக இருந்தேன். நின்றதும் எல்லாம் மறந்துபோயிற்று. பக்கத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் வேறு நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"பாய், அந்தச் செவப்புத் தையல் நான் போட்டது" என்றேன்.

"நீயா? ஒன் சம்சாரம்னு சொன்னாங்க."

"இல்ல, நான்தான். வீட்டுத் துணியெல்லாம் இப்ப நான்தான் தைக்கிறேன்."

பின்னால் ஒருவன் சிரித்தான். "மச்சான், என் பொண்டாட்டி ரவிக்கைல கொக்கி போயிடுச்சு, நாளைக்குக் கொண்டாரட்டுமா?" என்றான் இன்னொருவன். எல்லாரும் சிரித்தார்கள். பாய் மட்டும் சிரிக்கவில்லை.

"அதுக்கு இப்ப என்னங்கற?" என்றார்.

அப்போது என் வாயிலிருந்து வந்தது எனக்கே தெரியாமல் வந்தது. "அதே மாதிரி இன்னும் ரெண்டு மூணு பேருக்கும் தைச்சுக் குடுத்திருக்கேன் பாய். தரகர் ஸ்டேஷன்ல பாத்தது ஒங்க வீட்டுத் துப்பட்டிதான்னு எப்படிச் சொல்றது?"

"எங்க வீட்டு வாசல்லேர்ந்து வந்ததுன்னாரே?"

"ஒங்க வீட்டுக்கு நாலு பொம்பளைங்க வருவாங்க, போவாங்க பாய்."

"யார் யாருக்குத் தைச்ச?"

"சுவத்துக்கு மேல துணிதான் வரும். யாருதுன்னு நான் கேக்கறதில்ல."

"எத்தன?"

"ஆறேழு இருக்கும்" என்றேன். இரண்டு மூன்று எப்படி ஆறேழு ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. பயத்தில் ஏறிவிட்டது.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "ஞாயித்துக்கெழம நம்ம தெருவுல நிக்காஹ் இருக்குது. எல்லா வீட்டுப் பொம்பளைங்களும் வருவாங்க. வாசல்ல நான்தான் நிப்பேன். அந்த ஆறேழையும் பாக்கறேன். நீயும் வந்து பக்கத்துல நில்லு."

காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உடம்பும் அப்படித்தான் கொதித்தது. சம்சாரத்திடம் சொன்னேன். நான் பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை. சொல்லத் தெரிந்தவன் சின்னதாகச் சொல்லியிருப்பான் என்று திட்டினாள். திட்டிக்கொண்டே மாவுக்கட்டுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொல்லைப் பக்கமாகத் தெருவுக்குள் போனாள். எந்தெந்த வீட்டுக்குப் போனாள், என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

மத்தியானத் தொழுகைக்கு ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம். கொல்லைச் சுவர் மேல் முதல் துப்பட்டி வந்தது. எலி கடித்துவிட்டதாம். அது கைக்கு வந்து சேர்வதற்குள் இரண்டாவது. அதையும் எலிதான். சாயங்காலத்துக்குள் ஏழு சேர்ந்துவிட்டது. எடுத்து விரித்துப் பார்த்தேன். இருபது வருஷமாக எலி கடித்த சாக்கைப் பார்க்கிறவன் நான். எலி கடித்தால் ஓரம் தூளாக இருக்கும். இதெல்லாம் நேராக, சுத்தமாக இருந்தது. அதில் ஒன்று புத்தம் புதுத் துப்பட்டி. கஞ்சி மணம் கூடப் போகவில்லை. மடிப்பின் மேல் கத்தரியை வைத்து வெட்டியிருக்கிறார்கள்.

என் சம்சாரம் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்தத் தெரு எலிக்கெல்லாம் யாரோ கத்தரிக்கோல் வாங்கிக் குடுத்திருக்காங்க போல" என்றாள்.

வெள்ளி சாயங்காலம், சனி முழுக்க, ஞாயிறு காலை வெயில் ஏறும் வரை தைத்தேன். எல்லாம் முதுகுப் பக்கம், அதே இடத்தில், அதே அளவில். முதல் தையலில் சாய்சதுரத்தின் ஒரு மூலையில் இழை தப்பியிருந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தத் தப்பையும் ஏழிலும் அதே மூலையில் செய்தேன். விரல் நுனி வெடித்து ரத்தம் வந்தது. வெள்ளைத் துணியில் பட்டுவிடக் கூடாதே என்று விரலில் துணி சுற்றிக்கொண்டு தைத்தேன். ஒவ்வொன்றும் முடிய முடிய, என் சம்சாரம் இடது கையால் மடித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் கொடுத்தாள். யார் கை வந்து வாங்கியது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டு வாசலில் போய் நின்றேன். பந்தல் போட்டு, பெஞ்சு போட்டிருந்தார்கள். பாய் வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனையோடு வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். அன்றைக்கு மட்டும் பீரோவைத் திறந்து தங்கைக்குத் துப்பட்டியைக் கொடுத்திருந்தார் என்று சம்சாரம் சொல்லியிருந்தாள். கல்யாண வீட்டுக்கு வராமல் இருந்தால் தெரு கேட்குமே.

பெண்கள் இரண்டு மூன்று பேராக வந்து பக்கவாட்டு வழியாக உள்ளே போனார்கள். முகம் தெரியாது. எங்களைத் தாண்டிப் போன பிறகு முதுகு மட்டும் தெரியும். முதலில் போன மூன்று பேருக்கு வெறும் வெள்ளை. நாலாவது முதுகில் சிவப்பு. அதற்குப் பின்னால் இன்னொன்று. பிறகு இரண்டு பேர் சேர்ந்தாற்போல. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். அந்த அக்காவுடையதோடு சேர்த்து நான் தைத்தது எட்டு. எட்டு போனதும் மூச்சு விட்டேன். அதற்குப் பிறகு ஒன்பதாவதாக ஒன்று போனது. உற்றுப் பார்த்தேன். என் தையல் இல்லை. சிவப்பு நூல்தான், ஆனால் கோணல்மாணலாக, அவசரத்தில் யாரோ தாங்களே தைத்துக்கொண்டது. அப்படி இன்னும் இரண்டு. மொத்தம் பதினொன்று.

பாய் முதல் நாலு சிவப்பைத்தான் பார்த்தார். அதற்குப் பிறகு தலையைக் குனிந்துகொண்டார். தொப்பியைக் கழற்றித் தட்டி மறுபடி போட்டுக்கொண்டார். அந்தப் பதினொன்றில் தன் தங்கை எது என்று அவருக்கே தெரிந்திருக்காது. எனக்கும் தெரியவில்லை. பாய் என்னிடம் "சாப்ட்டுட்டுப் போ" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை மண்டியில் நான் தைக்கிற இடத்துக்கே வந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"ஒரு துப்பட்டியும் இன்னும் தண்ணியில நனையல. நூல் அப்படியே பளபளன்னு இருக்குது" என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். வேலை போயிற்று, வீட்டையும் மாற்றிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"ஒக்காரு. நாலு பேர் முன்னாடி நான் சொன்ன வார்த்த ஒண்ணு இருக்குது. அத நான் மாத்தறதுக்கில்ல" என்றார். கொஞ்ச நேரம் கையில் ஒரு மல்லாட்டையை வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். உடைக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை. தங்கையின் அந்தப் பெண்ணைச் சின்ன வயசில் தோளில் தூக்கிக்கொண்டு அவர் இந்த மண்டிக்கு வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

பிறகு கேட்டார். "அந்தச் செவப்பு நூல் ஒன்கிட்ட இன்னும் இருக்குதா?"

"இருக்குதுங்க பாய்."

"ஜாஸ்தியாவே வாங்கி வச்சுக்க. தீந்துபோயிடாம பாத்துக்க."

எழுந்து போய்விட்டார். அவர் சொன்னது என்ன என்று புரிய எனக்குச் சாயங்காலம் ஆயிற்று. வீட்டுக்குப் போனபோது, பீரோ சாவி காலையிலிருந்து பாய் வீட்டு வாசல் மாடத்திலேயே கிடக்கிறது, அவர் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று சம்சாரம் சொன்னாள்.

புதன்கிழமை அவர் வழக்கம்போலப் பண்ருட்டிக்குப் போனார். ஸ்டேஷனில் அன்றைக்கு நாலைந்து சிவப்புத் தையல்கள் நின்றன என்று கேள்விப்பட்டேன். யார் டிக்கெட் வாங்கினார்கள், யார் வழியனுப்ப வந்தார்கள் என்று எந்தத் தரகருக்கும் தெரிந்திருக்காது. அந்த அக்கா அன்று திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் சிதம்பரத்தில் பெண் குழந்தை பிறந்தது. பாய் வீட்டில் யாரும், அத்தை எங்கே என்று கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. நாற்பது நாள் கழித்து அந்த அக்கா வந்து கொல்லைச் சுவர் ஓரம் நின்று என் சம்சாரத்தைக் கூப்பிட்டார்கள். நானும் உள்ளே இருந்தேன். "தங்கச்சி, ஒன் வீட்டு இடது கைக்குச் சலாம் சொன்னேன்னு சொல்லு" என்றார்கள். எனக்கு வெளியே வரத் தைரியம் இல்லை.

பாய் அந்தச் சிதம்பரத்து வாசலை இதுவரை மிதித்ததாக எனக்குத் தெரியாது. தரகர் சங்கதி, என் பொய் எதைப் பற்றியும் அதற்குப் பிறகு அவர் பேசியதில்லை. மண்டியில் என் பெயர் 'ரவிக்கை மச்சான்' என்று ஆகிவிட்டது. இப்போது அது என்னைக் குத்துவதில்லை. என் சம்சாரத்தின் கை சரியான பிறகும் வீட்டில் தைப்பது நான்தான். கொடியில் காயப் போடும்போதும் யார் தைத்தது என்று இப்போது நாங்கள் மறைப்பதில்லை.

இப்போதும் யார் வீட்டுத் துணி என் கைக்கு வந்தாலும், உடனே ஊசியை எடுப்பதில்லை. இதைப் போட்டுக்கொண்டு இவர்கள் எங்கே போவார்களோ, அங்கே இவர்களை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாதோ என்று கொஞ்ச நேரம் துணியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்துவிட்டுத்தான் எந்த நூல் என்று தேடுகிறேன்.